பிரேமிளாவின் வெறுஞ்செல்கள்

இரண்டு தகடுகளும் ஒட்டாமல் இடையில் போடும் பிரிதாளை, முதல் தகட்டின்மேல் இடுக்கியால் தூக்கி வைக்கும்போது பிரேமிளா மூச்சை அடக்கிக்கொள்வாள். கை இருப்பது கண்ணாடிப் பெட்டிக்குள், மூச்சு இருப்பது வெளியே. பெட்டிக்குள் காற்றே கிடையாது, ஆர்கன் வாயுதான். வெளியிலிருந்து என்ன ஊதினாலும் உள்ளே ஒரு தூசு அசையாது. இருந்தும் அடக்குவாள். தாளின்மேல் இரண்டாவது தகடு சரியாக நடுவில் உட்கார்ந்த பிறகுதான், "இருடி அப்புடியே" என்று மூச்சை விடுவாள். மூடியைப் போட்டு அழுத்தினால் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு லித்தியம் செல்.

பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் பதினொரு வருடமாக உதவியாளர். ஹந்தானையிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டுத்தான் பெட்டியின் நீண்ட கையுறைகளுக்குள் கை நுழைப்பாள். கருவாடு தின்ற கையோடு யாராவது கிட்டே வந்தால், "கழுவிட்டு வாங்க, இதென்ன எங்க வீட்டு அடுப்பங்கரையா?" என்று முகத்துக்கு நேரே கேட்பாள். பேராசிரியர் சரோஜினிதேவிக்கும் அதே பேச்சுத்தான். அவரும் சத்தமில்லாமல் போய்க் கழுவிக்கொண்டு வருவார்.

இப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு பொறாமை. சும்மா பொறாமை இல்லை, வயிறு எரிகிற பொறாமை. அதுவும் ஆள்மேல் அல்ல, ஒரு சின்னப் போத்தல்மேல்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த கௌசிகனின் போத்தல் அது. செல்லை நாலரை வோல்ட்டு வரை ஏற்றினால் கூடுதல் சக்தி கிடைக்கும். ஆனால் உள்ளே இருக்கும் திரவம் அதைத் தாங்காமல் சிதைந்து, தகட்டையும் கெடுத்துவிடும். அந்தப் போத்தலில் இருக்கும் கௌசிகனின் சேர்மானத்தை இரண்டு துளி கலந்துவிட்டால், அது முந்திக்கொண்டு தான் சிதைந்து, பாலில் ஆடை படிவதுபோலத் தகட்டின்மேல் படிந்து காப்பாற்றுமாம். அதை நிரூபிக்க, சேர்மானம் இல்லாத செல்லும் பக்கத்தில் ஓடவேண்டும். அந்த வெறுஞ்செல்களைச் செய்வது பிரேமிளாவின் வேலை. சேர்மானம் கலந்தவற்றைக் கௌசிகனே செய்வான்.

"எம் புள்ளைங்க சீக்கிரம் சாகணும், அப்பத்தான் அந்தப் போத்தலுக்குப் பேரு. நல்லா இருக்கே நாயம்!" என்று பெட்டியிடம் புலம்புவாள்.

பிள்ளைகள் சாகவில்லை. நூற்றைம்பது தடவை மின்னேற்றி இறக்கியபின் பார்த்தால், கௌசிகனின் செல்களில் ஒன்று அடியோடு போயிருந்தது. மற்றவை அவளுடையதைவிட ஒரு மயிரிழைகூட உயரவில்லை. பிரேமிளாவுக்கு அப்படியொரு பூரிப்பு. அன்றைக்கு இரண்டாவது பிளேன்டீயும் ஊற்றிக் குடித்தாள்.

கௌசிகன் தயங்கித் தயங்கி வந்தான்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. உங்கட செல்லுகள் நல்லா ஓடுது. அடுத்த முறை கொஞ்சம் சாதாரணமாச் செய்வீங்களோ?"

"சாதாரணமான்னா?"

"இவ்வளவு கவனம் எடுக்காமல்..."

"போங்க தம்பி அங்கிட்டு! இந்தக் கைக்கு அந்த வேல தெரியாது."

அவன் முகம் கறுத்துப் போய்விட்டது. அவளுக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. குற்றம் போத்தலில் இல்லை, அவன் கையில்தான் என்பது அவளுக்கு முதல் நாளே தெரியும். தகட்டை ஓரமாக வைப்பான். பிரிதாள் மடிந்து கிடந்தாலும் அவசரத்தில் மூடி அழுத்திவிடுவான். சொல்லியிருக்கலாம். மூன்று மாதமாகச் சொல்லவில்லை. படித்த பிள்ளைதானே, பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்துவிட்டாள்.

மாதக் கடைசியில் பேராசிரியர் கையை விரித்துவிட்டார். "இதில ஒண்டும் இல்லைப் போலக் கிடக்கு, கௌசிகன். விட்டிட்டு வேற ஒண்டைப் பாப்பம்."

வேறொன்று என்றால் இரண்டு வருட உழைப்பு மண். அவன் உதவித்தொகை முடிய இன்னும் ஐந்து மாதம்தான். அன்று மத்தியானம் சோற்றுப் பார்சலை அவிழ்க்காமலே உட்கார்ந்திருந்தான். எதிரே இருந்த பிரேமிளாவுக்கும் சோறு இறங்கவில்லை. இரக்கம் கொஞ்சம், எரிச்சல் நிறைய. இப்படி வென்றால் அது என்ன வெற்றி? போத்தல் நல்லதுதான், பையன் கைதான் சரியில்லை என்று நாளைக்கு எவனாவது சொல்லிவிட்டால்? பாதிச் சோற்றோடு எழுந்து நேரே பேராசிரியரின் அறைக்குப் போனாள்.

"மெடம், தம்பிக்குக் கை பதறுது. தகடெல்லாம் கோணல். நான் மொதல்லயே பாத்தேன், சொல்லல. தப்புதான். இந்தத் தடவ ரெண்டையும் நானே செய்றேன். ஒரே கை. அப்பறம் பாப்போம், அந்தப் போத்தல் என்னா கிழிக்குதுன்னு."

எட்டு வெறுஞ்செல், எட்டு சேர்மானச் செல். போத்தலைத் திறக்கும்போது, ஒரு துளி குறைத்தால் யாருக்குத் தெரியும் என்று ஓர் எண்ணம் வந்தது உண்மை. குறைக்கவில்லை. கள்ள ஆட்டம் ஆடி அதைத் தோற்கடிக்க அவளுக்கு இஷ்டமில்லை. நேராகவே தோற்கட்டும் என்று அளந்து ஊற்றினாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரமும் வந்ததும் வராததுமாக, செல்களின் சக்தியைக் கோடாகக் காட்டும் திரைக்கு முன்னால் போய் நிற்பாள். முதல் கிழமை இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டே போயின. இரண்டாவது கிழமையில் பிரிந்தன. இருநூறாவது சுற்றில் சேர்மானச் செல்களின் பச்சைக் கோடு மேலே பாய் விரித்ததுபோல் மட்டமாகக் கிடந்தது. அவளுடைய கறுப்புக் கோடு கீழே சரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, எல்லாம் உங்கட கைதான்!" என்று கௌசிகன் கத்தினான். ஓடிப்போய் பட்டர் கேக் வாங்கி வந்தான். முதல் துண்டை அவளிடம்தான் நீட்டினான்.

"கட்டுரையில உங்கட பேரும் வரும், பிரேமிளா" என்றார் பேராசிரியர்.

"சரிங்க மெடம்" என்றாள். யாருடைய வெற்றிக்குக் கீழே தன் பேர் வரப்போகிறது என்று நினைத்தபோது வயிறு மறுபடி எரிந்தது.

எல்லோரும் கேக் தட்டைச் சுற்றி நிற்க, அவள் மட்டும் திரைக்கு முன்னால் குனிந்தாள். ஆட்காட்டி விரலை நீட்டிப் பச்சைக் கோட்டின்மேல் படுக்கவைத்து அதை முழுசாக மறைத்தாள். இப்போது கறுப்புக் கோடு மட்டும் தெரிந்தது. தலையைச் சாய்த்து அதையே பார்த்தபடி, இடது கையிலிருந்த கேக்கைக் கடித்தாள்.