ரிசீவரில் இருந்த மூன்று எழுத்து

எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துக்கு ஒருமுறை அர்த்தம் சொன்னேன்.

எழுபதுகளின் நடுவில், சிட்னியில் ஹோம்புஷ் பக்கம் ஒரு துப்பாக்கிக் கடையில் ஃபிட்டராக இருந்தேன். பழைய ராணுவ ரைஃபிள்கள் பெட்டி பெட்டியாக வரும். கிரீஸைத் துடைத்து, தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட் சரியாகப் பூட்டுகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒருநாள் பெட்டிக்கு அடியில் ஒரு ஜப்பான் ரைஃபிள் கிடந்தது. ரிசீவரில், அதாவது போல்ட் உட்காரும் இரும்புக் கூட்டில், மூன்று எழுத்து.

முதலாளி டக் கூப்பிட்டார். "சாமி, நீ மலாயாக்காரன். ஜப்பான்காரன் பள்ளிக்கூடத்துல படிச்சவன்தானே? என்ன போட்டிருக்கான்?"

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் படித்தது ஒரு வருஷம், அதுவும் அவர்களுடைய எளிய எழுத்து மட்டும். இது ஜப்பான்காரர்களும் எழுதுகிற சீன எழுத்து. ஆனால் அந்தக் கடையில் எனக்கென்று இருந்த ஒரே பெருமை அதுதான்.

"பட்டறை பேரு, பாஸ்" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

அபூர்வ ரைஃபிள் சேர்க்கும் வாடிக்கையாளர் கெவின், என் பேச்சை நம்பி அதை அன்றைக்கே வாங்கிவிட்டார். பேரலில், அதாவது குண்டு போகும் குழலில், கிரீஸ் அடைத்திருந்தது. "அதை நானே துடைச்சுக்கிறேன். சனிக்கிழமை ரேஞ்சுல சுட்டுப் பாக்கணும்" என்றார்.

சனிக்கிழமை மதியம் எதிரே இருந்த சீனர் கடைக்குச் சாப்பிடப் போனேன். அந்த எழுத்துகளைக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்திருந்தேன். மனசு உறுத்தியதால் கடைக்காரரிடம் காட்டினேன்.

"காலி வேட்டுத் துப்பாக்கி" என்று சிரித்தார்.

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். போர்க்காலத்தில் பள்ளிப் பையன்களின் பயிற்சிக்கென்று மட்டமான வார்ப்பிரும்பில் ரைஃபிள் செய்தார்கள் என்று டக் சொல்லியிருக்கிறார். குண்டு இல்லாத தோட்டாவைத்தான் அது தாங்கும். நிஜத் தோட்டா போட்டால் சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கும்.

கெவின் வீட்டுக்கு போன் போட்டேன். "அவர் காலையிலேயே ரேஞ்சுக்குப் போயிட்டாரே" என்றார் அவர் மனைவி. ரேஞ்சில் போன் கிடையாது. டக்கிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே வேனை எடுத்தார். முருகா, அந்த மனுஷன் கண்ணைக் காப்பாத்து என்று வழியெல்லாம் முனகினேன்.

ரேஞ்சை நெருங்கும்போதே யார் யாரோ சுடும் வெடிச்சத்தம் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் உயிர் போய் வந்தது. கெவின் குப்புறப் படுத்து ரைஃபிளைக் கன்னத்தோடு அணைத்திருந்தார்.

"சுடாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

தலையைத் தூக்கினார். "கிரீஸைத் துடைச்சு முடிக்கவே மதியமாயிடுச்சு. ஒண்ணு சுட்டாச்சு. குறி அட்டையிலயே படல. பேரல் தேஞ்சிருக்கு போல. இது ரெண்டாவது."

டக் அதை வாங்கி, தோட்டாவை வெளியே எடுத்தார். ரிசீவரைக் கட்டைவிரலால் துடைத்துக் காட்டினார். மூன்று எழுத்துக்கும் குறுக்கே மயிரிழை போல ஒரு விரிசல்.

கெவின் முகம் வெளுத்துவிட்டது. "பட்டறை பேருன்னு சொன்னியே?"

"எனக்குப் படிக்கத் தெரியாது. பொய் சொன்னேன்."

டக் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. திங்கட்கிழமை இன்னொரு ரைஃபிளை என் பெஞ்சில் வைத்து, "என்ன போட்டிருக்கான்?" என்றார்.

"தெரியாது, பாஸ்."

"அப்ப தெரிஞ்சவன்கிட்டக் கேட்டுட்டு வா."

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். நம் பெருமையைக் காப்பாற்ற நாம் பேசிவிடுவோம். போல்டுக்குப் பின்னால் இருப்பது இன்னொருவன் முகம்.