செங்கம்மாளின் குண்டான்

திருப்பதிக்கு முதல் தடவையாக நடக்கப்போகிற கவரைப்பேட்டைக்காரர்கள் புரட்டாசி பிறப்பதற்கு முன்பே செங்கம்மாளைத் தேடி வந்துவிடுவார்கள். வழியில் பொங்கித் தின்ன என்ன பாத்திரம் எடுப்பது, எதில் படுப்பது என்று கேட்பார்கள். கேட்டதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டும் போவார்கள். பித்தளைத் தவலையோடு வந்து நின்ற ஒருத்தியிடம், "இத்த நீ தூக்கிக்கினு நடப்பியா, இல்ல அது உன்னத் தூக்கிக்கினு நடக்குமா?" என்றாள். மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வந்த பெட்டிக்கடை சுப்பராயனை, மாமியார் வீட்டுக்கா போகிறாய் என்று விரட்டினாள். ஆளுக்கு ஒரு கோரைப்பாய், ஒரு போர்வை, வீட்டுக்கு ஓர் அலுமினியக் குண்டான், மழைக்கு ஒரு கித்தான். அவ்வளவுதான் அவள் கணக்கு. குண்டானில் மீன் சமைத்திருக்கலாமா கூடாதா என்று மட்டும் எவரும் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தால் தொலைந்தார்கள்.

அந்தக் கோபம் சும்மா வந்ததில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவள் அவள். புருஷன் இராமலிங்கம் ஏரிக்குப் போன ஒரு நாள் புயல் பிடித்துக்கொண்டது. படகும் இல்லை, ஆளும் இல்லை. கரையில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு அவள் வேண்டிக்கொண்டாள்: ஏழுமலையானே, ஆளைத் திருப்பிக் கொடு, உன் மலைக்கு நடந்து வருகிற கூட்டத்துக்கு ஒருத்தர் விடாமல் ஒருவேளை என் கையால் சோறு போடுகிறேன். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு இராமலிங்கம் உயிரோடு கரை சேர்ந்தான். இனி வேண்டுதலைத் தீர்க்க வேண்டும்.

அறுபத்தேழாம் வருஷப் புரட்டாசியில் இரண்டு பேரும் கவரைப்பேட்டைக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள். கூட்டத்துக்குத் தலைவர் அரிசி மண்டி துளசிராமன். செங்கம்மாள் தலைச்சுமையாகக் கொண்டுவரும் மடவை மீனை முதலில் வாங்குவதே அவர் வீடுதான். புரட்டாசி வந்தால் அந்த வீட்டில் மீன் சட்டிகள் பரணுக்கு ஏறும், சுத்தப் பாத்திரங்கள் இறங்கும். செங்கம்மாள் குடிசையில் பரணும் கிடையாது, இன்னொரு குண்டானும் கிடையாது. இருந்த ஒன்றைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தாள், நெருப்பில் கவிழ்த்துக் காய்ச்சினாள், மஞ்சள் தண்ணீரில் அலசினாள். உள்ளே முகத்தை விட்டு மோந்து பார்த்தாள். ஒரு வாடையும் இல்லை. அங்கேதான் ஏமாந்தாள். பிறந்த நாளிலிருந்து குப்பத்துக் காற்றைக் குடித்த மூக்குக்கு மீன் வாடை எங்கே தெரியப்போகிறது!

ஊத்துக்கோட்டைத் தோப்பில் முதல் நாள் அடுப்பு மூட்டினார்கள். குண்டானை அவள் கல்லில் ஏற்றியதுமே துளசிராமன் மனைவி தாயாரம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். துளசிராமன் அதட்டவில்லை. குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"கோச்சிக்காதம்மா. மீன் வெந்த குண்டான் இந்த அடுப்புல ஏறக்கூடாது. நீ உக்காரு, உனக்கும் சேத்து நாங்களே போட்றோம்."

திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருப்பாள். அந்த இரக்கம்தான் அவள் உடம்பைக் கொளுத்தியது. பதினோரு மாதம் என் மீனைத் தின்ற வாய்தானே இது என்று பல்லைக் கடித்தாள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்ல வந்த இராமலிங்கத்துக்கும் நல்ல வசவு கிடைத்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் நாகலாபுரம் தாண்டியதும் பொழுது சாயும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஜமக்காளமெல்லாம் நனைந்து கனத்தது. செங்கம்மாளிடம் மட்டும் பழைய படகுப் பாயில் வெட்டிய பெரிய கித்தான் இருந்தது. புளியமரங்களுக்கு நடுவில் இராமலிங்கம் அதை இழுத்துக் கட்டினான். வருஷக்கணக்காக மீன் நீர் குடித்த கித்தான் அது. கூட்டம் மொத்தமும் கோவிந்தா சொல்லிக்கொண்டே அதன் அடியில் நுழைந்தது. தாயாரம்மாள் நுழைந்தாள். துளசிராமனும் நுழைந்தார்.

விடிந்தும் மழை விடவில்லை. நனையாமல் இருந்தது, வழியெல்லாம் கித்தானில் அவள் சுருட்டிக் கொண்டுவந்த கொட்டாங்குச்சியும் சுள்ளியும்தான். அடுப்பு மூட்டி, தன் குண்டானை ஏற்றி, அரிசியைக் களைந்து போட்டாள். துளசிராமன் குண்டானை இறக்கச் சொன்னார். அவள் எழுந்து போய்க் கித்தான் முடிச்சில் கையை வைத்தாள்.

"கித்தான்ல வாட இல்லியா நைனா? ராத்திரி பூரா அதும் அடியிலதான கெடந்தீங்க? ஆவாதுன்னா ரெண்டும் ஆவாது. அவுக்கட்டுமா?"

 முதலில் இலையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவள் தாயாரம்மாள். பசிக்கிறது என்றாள், அவ்வளவுதான். பின்னாலேயே எல்லோரும் உட்கார்ந்தார்கள். துளசிராமன் மட்டும் மழையில் இறங்கிப் போய், மரத்தடியில் நின்று, மடியில் இருந்த அவலை மென்றார்.

ஒருத்தர் விடாமல் என்பதல்லவா வேண்டுதல்? பெருமாள் மன்னிப்பார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவர் மன்னித்தாலும் நான் மன்னிக்க மாட்டேன் என்றாள் செங்கம்மாள். அடுத்த வருஷமும் அதே குண்டானோடு நடந்தாள். அவரும் அவல் முடிச்சோடு நடந்தார். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. மற்ற மாதங்களில் பேரம் பேசி அவருக்கே மீன் விற்றாள். புரட்டாசியில் முறைத்தாள். இதற்கு நடுவே பாத்திரம், படுக்கை என்று கூட்டமே அவள் பேச்சைக் கேட்கத் தொடங்கியிருந்தது.

எழுபத்துநாலில் துளசிராமனுக்கு முட்டி போய்விட்டது. வேண்டாம் என்று சொல்லியும் வீம்புக்கு வந்தார். புத்தூருக்கு இந்தப் பக்கம் ஒரு சாவடியில், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு கடைசி ஆளாக வந்து விழுந்தார். அவல் தீர்ந்து போயிருந்தது. பக்கத்தில் கிடந்த இலையைத் தானே எடுத்து முன்னால் போட்டுக்கொண்டார்.  செங்கம்மாள் குண்டானோடு போய்ச் சோறு போட்டாள்.

"வாட வருதா நைனா?"

இல்லை என்று பொய் சொன்னால் கரண்டியாலேயே ஒன்று வைத்துவிடுவது என்றுதான் நின்றாள்.

"வருதும்மா" என்றார் அவர். சொல்லிவிட்டு உருட்டி உருட்டிச் சாப்பிட்டார். இலையை வழித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.

வேண்டுதல் தீர்ந்துவிட்டது என்று இராமலிங்கம் பெரிதாகக் கோவிந்தா போட்டான். செங்கம்மாளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அத்தனை வருஷத்து ஆத்திரம்தான் வந்தது. இரண்டாம் கரண்டிச் சோற்றை இலையில் தள்ளினாள்.

"வருதுன்னு தெரிஞ்சும் துன்ன முடியுதுல்ல? அப்ப அன்னிக்கே துன்னிருந்தா இன்னா கொறஞ்சி போயிருப்ப நைனா?"

அவர் குனிந்து அடுத்த உருண்டையை உருட்டினார். கடைசிப் பருக்கை வரை அவர் சாப்பிட்டு முடிக்கும் மட்டும் அவள் குண்டானை இறக்காமல் எதிரிலேயே நின்றாள்.