சாம்பிராணி படிந்த டிவி

ரேடியோ ஃபேக்டரியில் எனக்கு ஒரே வேலைதான். பலகை வரும், அதன் ஒரு மூலையில் பொட்டு ஈயம் வைப்பேன், பலகை போய்விடும். அது எதற்கு என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் என்னைப் பெரிய இன்ஜினியராகவே ஆக்கிவிட்டார்கள். யார் வீட்டு ரேடியோ கரகரத்தாலும் என்னிடம் வருவார்கள். தெரியாது என்றால், பிகு பண்ணுகிறாள் என்பார்கள்.

எங்கள் வீட்டு டிவியும் அப்படித்தான் என் தலையில் விழுந்தது. நான்கு கால், இழுத்து மூடும் கதவு, உள்ளே கறுப்பு வெள்ளைப் படம். கோல சிலாங்கூரில் ஒரு சீனர் கடையில் அப்பா பழையதாக வாங்கியது. சில மாதங்களாகப் படம் மங்கிக்கொண்டே வந்தது. "ஆளே தெரியலமா, நெழலுதான் தெரியுது," என்று அப்பா தினமும் புலம்புவார். எங்களுக்கும் மங்கலாகத்தான் இருந்தது. தோட்டத்து எஞ்சின் கரண்டு சரியில்லை என்று அம்மா சொல்லிவிடுவாள்.

அப்பாவுக்குக் கள்ளுக்கடை கிடையாது, சீட்டு கிடையாது. பால்வெட்டிவிட்டு வந்தால் சாயங்காலம் அந்த டிவி ஒன்றுதான். படம் ஓடும்போது வாய் ஓயாது. அடுத்து என்ன நடக்கும் என்று முந்திக்கொண்டு சொல்லி எங்கள் உயிரை வாங்குவார். அந்த மனிதர் கொஞ்ச நாளாகப் புலம்புவதைக்கூட விட்டுவிட்டு, டிவி முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். அது எனக்குப் பயமாக இருந்தது. எப்படியாவது படத்தைத் தெளிவாக்கி அவரைப் பழையபடி பேச வைத்துவிட வேண்டும் என்று துடித்தேன்.

ஒரு லீவு நாளில் டிவியைத் திறந்தேன். எஞ்சின் போடுவது சாயங்காலம்தான், பகலில் கரண்டு கிடையாது. இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பின்மூடியைக் கழற்றினேன். தூசி தட்டினேன். ஈயம் விட்டுப்போன இடம் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒன்றும் அகப்படவில்லை. எரிச்சலில் முன்பக்கத் திருகாணிகளையும் கழற்றினேன். படக்குழாய்க்கு முன்னால் தனியாக ஒரு கண்ணாடி இருந்தது. அதை எடுத்தால், உட்பக்கமெல்லாம் கறுப்பாக, பிசுபிசுவென்று படிந்திருந்தது. மோந்து பார்த்தேன். சாம்பிராணி.

சாமிப் படங்களுக்குக் கீழேதான் டிவி இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா அதன் கதவைத் திறந்துவைத்து, சாமிக்குக் காட்டிய புகையை அதற்கும் சுற்றிக் காட்டுவாள்.

"டிவிக்கு எதுக்குமா சாம்பிராணி?"

"லயமே வந்து பாக்குதுலா. கண்ணு படாதா?"

சவர்க்காரத் தண்ணீரில் கண்ணாடியைக் கழுவினேன். குழாயின் முகத்தையும் துணியால் துடைத்து, எல்லாவற்றையும் மாட்டினேன்.

எஞ்சின் சத்தம் கேட்டதும் டிவியைப் போட்டேன். அன்று தமிழ்ப்படம். கதாநாயகியின் மூக்குத்தி தனியாக மின்னியது. அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து, சிரித்துக்கொண்டே நின்றுவிட்டாள். லயத்தார் சொல்வது சரிதானோ என்று எனக்கே ஒரு நினைப்பு வந்தது.

"எப்படிப்பா?"

"அப்படியேதான்மா இருக்கு."

வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். கழுத்தை நீட்டி, நெற்றியைச் சுருக்கி, திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி, இருந்தது எங்களுக்குத் தெரியும். அது கண்ணையும் கெடுக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வெளிச்சத்தைக் கூட்டும் குமிழைத் திருகினேன். திருகிக்கொண்டே போனேன். மூக்குத்தி போயிற்று, முகம் போயிற்று, திரை முழுக்க வெள்ளையாகிவிட்டது. அம்மா கண் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ம், இப்ப கொஞ்சம் பரவால்ல," என்றார் அப்பா.

குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். குறைக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. படம் முடியும்வரை மூன்று பேரும் அந்த வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.