விடுதி வாசலில் பேரீச்சம்பழம்

கண்டக்குழியில் ஒரு விடுதி வாசலில் ஸ்பானிஷ் பலகை தொங்குகிறது: ‘காதல் சந்திப்பு இலவசம்.’ இரண்டு ஸ்பெயின் தடியன்கள் அதைப் படம் எடுத்துச் சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் ஸ்பெயினில் சட்டி கழுவியவன், வாசிக்கத் தெரியும்.

விடுதிக்காரி ஃபரீதா ராத்தா தட்டு நிறையப் பேரீச்சம்பழத்தோடு வருகிறார்.

“பலகையில என்ன எழுதி வச்சிருக்கீங்க ராத்தா?”

“பேரீச்சம்பழம் சும்மா எண்டுதான். இங்கிலீசில ‘டேட்ஸ்’ எண்டு போட்டன், ஃபோன் ஸ்பானிஷுக்கு மாத்தித் தந்திச்சு.”

இங்கிலீஷில் டேட் என்றால் பழமும்தான், காதலர் சந்திப்பும்தான். பாழாய்ப்போன ஃபோன் இரண்டாவதைப் பிடித்திருக்கிறது. சொல்கிறேன்.

“அல்லாஹ்வே, பள்ளிக்குத் தொழப் போற எல்லாரும் இந்த வழியாலதானே போறாங்க.”

“அவங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது, ராத்தா.”

“இவனுகளுக்குத் தெரியுமே.”

பலகையைக் கழற்றுகிறார். நான் தடியன்களை அவர்கள் மொழியிலேயே ஏசுகிறேன். படத்தை அழிக்கிறார்கள்.

“ஏசினது போதும் தம்பி, பசியோட வந்த புள்ளைகள்” என்று ராத்தா தட்டை அவர்களிடம் நீட்டுகிறார். “இதுக்கு அவங்கட பாஷையில என்ன பேரெண்டு கேளுங்க.”

“தாத்திலெஸ்” என்கிறான் நெட்டையன், வாய் நிறையப் பழத்தோடு.

ராத்தா பலகையைத் திருப்பி, மறுபக்கத்தில் எழுதச் சொல்லி அவனிடமே பேனாவைக் கொடுக்கிறார்.