ஞானஸ்நானப் புத்தகம் தேடிய மூன்று நாள் சவாரி

வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு வழி தெரிந்தால் போதும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்கே போகவேண்டும் என்று ஏறியவர்களுக்கே தெரியாத சவாரிகளும் உண்டு என்பது ஸ்டியரிங் பிடிக்கிற உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்படி ஒன்று போன மாசியில் வாய்த்தது.

சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து பெரம்பலூரில் இறங்கி என் காரில் ஏறினார்கள், அக்காவும் தம்பியும். அக்கா செலின், ரிட்டயர்டு டீச்சர். தம்பி அந்தோணி சார், இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்களுடைய அம்மா மரிய செல்வம் முந்தின வருடம் எண்பத்து மூன்று வயதில் இறந்துபோனார். பிறந்த ஊர் எது என்று கேட்டால் அந்தம்மா ஒரே பதில்தான் சொல்வாராம்: 'அரியலூர் பக்கம், சேசு சபைச் சாமியாருங்க கட்டுன பழைய கோயில்ல எனக்கு ஞானஸ்நானம்.' அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. ஏதாவது ஒரு கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் ஊர் எழுதியிருக்கும் என்று டீச்சர் ஐந்து பழைய கோயில்களின் பெயரை எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

ரோடு

முதலில் ஏலாக்குறிச்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனையோ பேரை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறேன். மரத்தடியில் வண்டியைப் போட்டுவிட்டுத் தூங்குவேனே தவிர, அந்த இடத்தின் கதையைக் கேட்டதில்லை. கடல் தாண்டி வந்த சாமியார்கள் இந்தப் பக்கம் காவி கட்டி, சைவம் சாப்பிட்டு, நம்மைவிட நல்ல தமிழ் எழுதினார்கள் என்று டீச்சர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு ஒரே ஆச்சரியம். "பஸ்ஸா, காரா, அந்தக் காலத்துல எப்படிங்க இவ்வளவு தூரம் வந்திருப்பாங்க?" என்று கேட்டேன்.

அங்கே இருந்த புத்தகத்தில் அம்மாவின் பெயர் கிடைக்கவில்லை. அடுத்த கோயிலுக்குத் திரும்பினோம். சிமெண்ட் லாரிகள் போய்ப்போய்க் குழியாகிக் கிடந்த பாதை. அதுவரை வாயைத் திறக்காமல் மேலே இருந்த பிடியைப் பிடித்தபடி வந்த அந்தோணி சார் அப்போதுதான் பதில் சொன்னார்: "இதே ரோட்லதான் வந்திருப்பாங்க தம்பி. அதுக்கப்புறம் யாரும் போட்ட மாதிரி தெரியலை."

சுவர்

இரண்டாவது கோயிலில் ஒரு பக்கச் சுவரில் காரை பெயர்ந்து வேலை நடந்துகொண்டிருந்தது. பெயர்ந்த இடத்தில் தெரிந்த கல்லுக்குள் சிப்பி ஒன்று கோடு கோடாக, அச்சு எடுத்ததுபோல இருந்தது. ஒரு காலத்தில் இந்தப் பக்கமே கடலுக்கு அடியில் கிடந்தது என்று அந்தோணி சார் விளக்கினார். கோயிலுக்கு எத்தனை வயது இருக்கும் என்று டீச்சர் கொத்தனாரிடம் கேட்டார். அவர் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "கோயிலுக்கு முந்நூறுங்கிறாங்க. கல்லுக்கு வயசு கேட்டீங்கன்னா நான் என்னத்தைச் சொல்றது?"

வாசப்படி

இரண்டாவது கோயில் புத்தகத்திலும் பெயர் இல்லை. மறுநாள் மூன்றாவது கோயில். சாவி வைத்திருந்தவர் சகாயம் என்ற அம்மா. கோயிலைக் கூட்டி, மணி அடித்து, எல்லாம் பார்த்துக்கொள்கிறவர். பழைய புத்தகங்கள் பீடத்துக்குப் பின்னால், வாசல் தாழ்ந்த ஒரு சின்ன அறையில் இருந்தன. எடுத்துப் பார்க்கச் சொல்லிப் பங்குச் சாமியார் போனிலேயே அனுமதி கொடுத்துவிட்டார். பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும் என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டார். நான் தயங்கினேன். காலையில் பூசிய திருநீறு நெற்றி நிறைய இருந்தது. அதைத் துடைக்கவும் மனசில்லை, அதோடு பீடத்தைத் தாண்டிப் போகவும் கூச்சம். சகாயம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "நெத்தியில என்ன இருந்தா என்னங்க, அது இடிக்காம குனிஞ்சு வாங்க."

வயசு

பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள். செல் அரித்ததுபோக மிச்சம். பொடி எழுத்து பிடிபடவில்லை என்று டீச்சர் என்னையே வாசிக்கச் சொன்னார். யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த பழைய 'லை', 'ணை' எழுத்துகள். ஒரு மணி நேரம் போயிருக்கும். விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஒரு வரியில் நிறுத்தினேன். "மரிய செல்வம். முந்தைய பெயர் பூங்காவனம். தகப்பன் முத்துசாமி. ஊர் குரும்பலூர். வயது பத்தொன்பது."

"பத்தொம்பது நாளா இருக்கும், நல்லாப் பாருங்க" என்றார் அந்தோணி சார். நன்றாகப் பார்த்தேன். வருடம் என்றுதான் எழுதியிருந்தது. கைக்குழந்தையாக ஞானஸ்நானம் வாங்கியவர் என்றே பிள்ளைகள் இத்தனை காலமும் நினைத்திருந்தார்கள். டீச்சர் அந்த வரியின்மேல் விரலை வைத்தார். "அறுபது வருசம் விடாம ஜெபமாலை சொன்னாங்க. இதை மட்டும் சொல்லலை."

குரும்பலூர்

மூன்றாம் நாள் மீதி இரண்டு கோயில்களையும் விட்டுவிட்டோம். குரும்பலூர் போகலாம் என்றார் டீச்சர். வேண்டாம் என்றார் தம்பி. "அம்மாவைத் துரத்திவிட்ட வூடாத்தான் இருக்கும். நாம போய் நின்னா மட்டும் வான்னு சொல்லுவாங்களா?" எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். நான் எறையூர்க்காரன், கரும்பு போடுகிற குடும்பம். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து கல்யாணம் கட்டிக்கொண்டு போன பெண்ணின் பெயரை எங்கள் வீடுகளில் எப்படிப் பேசாமல் விடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

கடைத்தெருவில் இரண்டு இடத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். முத்துசாமியின் மகன் ராமசாமி, எழுபத்தெட்டு வயது இருக்கும், களத்தில் மக்காச்சோளத்தைக் காலால் கிளறிக் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் முதலில் போய், "பூங்காவனம்மா புள்ளைங்க வந்திருக்காங்க" என்றேன். அவர் கால் அப்படியே நின்றது. டீச்சர் இறங்கி வந்தார். அந்தோணி சார் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

"எங்கக்கா வரலையா?" என்று ராமசாமி கேட்டார். போன வருடம் தவறிவிட்டதாக டீச்சர் சொன்னார். ராமசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். காரின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அந்தோணி சார் பக்கத்தில் வந்து நின்றதும் பெரியவர் துண்டை விலக்கினார். "எங்கப்பா கோவத்துல சொன்னது அவரோட போச்சும்மா, அவரு செத்தே நாப்பது வருசம் ஆவுது. கோயிலுக்குப் போனா சரி, வூட்டுக்கு வரக்கூடாதுன்னு நானா சொன்னேன்?"

அன்று மத்தியானம் சென்னை பஸ் பிடிக்கவேண்டியவர்கள் மறுநாள் காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். எனக்கும் வேளாவேளைக்கு இலை போட்டார்கள், இருபது வருடச் சர்வீஸில் இதைவிட நல்ல வெயிட்டிங் எனக்கு வாய்த்ததில்லை.