குறை சொல்லி வாங்கிய ஜீப்

போன ஞாயிற்றுக்கிழமை ஜீப் வாங்கப் போனோம். அதுவும் டீசல் ஜீப்... அதுவும் செகண்ட் ஹேண்ட்!

இந்த வயதில் ஜீப் எதற்கு என்கிறீர்களா? இவருக்கு — என் வீட்டுக்காரருக்கு — கிடர்பூர் துறைமுக ஆபீஸில் இன்னும் எட்டு மாதம்தான் சர்வீஸ். ரிட்டயர் ஆவதற்குள் பாருய்பூர் பக்கம் மூன்று ஏக்கரில் ஒரு கொய்யாத் தோப்பை வாங்கிப் போட்டுவிட்டார். எரு கொண்டு போக, கூடைகளை ஏற்றி வர, மழைக்காலச் சேற்றில் மாட்டாமல் ஓட ஒரு வண்டி வேண்டுமாம்.

பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தார். சாந்த்ராகாச்சியில் வீடு. விற்பவர் நம் ஊர்க்காரர், தமிழர்தான். கீழே ஒரு கண்டிஷன் வேறு: ‘தோட்ட வேலைக்கு எடுப்பவர்களுக்கு மட்டும்.’ வண்டி விற்கிறாரா, பெண் கொடுக்கிறாரா? விலையை ஏற்ற இது ஒரு தந்திரம் என்று நான் நினைத்தேன்.

என்னை ஏன் கூட அழைத்துப் போனார் தெரியுமா? பேரம் பேச. கரியாஹாட் மார்க்கெட்டில் என்னைப் பார்த்தாலே சில கடைக்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். என் ரகசியம் ரொம்பச் சின்னது. பொருள் பிடித்திருக்கிறது என்று முகத்தில் காட்டவே கூடாது. குறை சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

விற்பவர், ராமலிங்கம் சார், கேட்டைத் திறந்துவிட்டார். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், ஒல்லியான மனிதர். தகரக் கொட்டகைக்குள் ஜீப் நின்றது. இவர் பானெட்டைத் திறந்து, குனிந்து பார்த்தார். ஸ்டார்ட் செய்தார். ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. ஆயில் மூடியைக் கழற்றிப் பார்த்தார்; புகையே இல்லை. இவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது! காரியம் கெட்டது என்று நான் முன்னால் போனேன்.

“என்ன சார், இடது பக்கம் பூரா ஒரே கீறலா இருக்கு?”

“ஆமாம்மா. நம்ம கேட்டுல இடிச்சதுதான். ஒரு தரம் இல்ல, மூணு தரம்.”

விற்க வந்தவர் இப்படியா சொல்வார்? எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“உள்ள ஒரே சாணி நாத்தம்.”

“எரு மூட்டை கிழிஞ்சு கொட்டிப்போச்சும்மா. எத்தனை தரம் கழுவினாலும் போகல. ஐந்நூறு குறைச்சுக்குங்க.”

“இதென்ன... ஹார்னுக்குக் காலிங்பெல் ஸ்விட்சா?”

“ஹார்ன் கெட்டுப்போச்சு. மெக்கானிக் ஒரு வாரம் இழுத்தடிச்சான். அதனால வீட்டு வாசல்ல இருந்ததைக் கழட்டி மாட்டியாச்சு. வர்றவங்க இன்னமும் கதவைத்தான் தட்டறாங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “அதுக்கும் ஒரு ஐந்நூறு போட்டுக்குங்க.”

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும் என்பார்கள். இந்த மாடோ தானாகவே சொம்பைத் தேடி வருகிறதே! விடுவேனா? டிரைவர் சீட்டைப் பார்த்தேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தலையணைகள் வைத்துத் தைத்திருந்தது. கீழே கிளட்ச் பெடலில் ஒரு மரக்கட்டையை போல்ட் போட்டு முடுக்கியிருந்தது.

“அட ராமா! இதை ஓட்டினவர் என்ன சார், சித்திரக்குள்ளனா?”

நான் சிரித்தேன். இவர்கூடச் சிரித்தார்.

“ஆமாம்மா” என்றார் ராமலிங்கம் சார். “நாலடி எட்டங்குலம்தான். காலு எட்டல. நான்தான் அந்தக் கட்டையைச் செதுக்கிப் போட்டேன். என் பொண்ணும்மா, சுமதி. நர்சரி வெச்சிருந்தா. நியூ டவுன்ல புதுசு புதுசா ஃப்ளாட் கட்டறாங்களே, அங்கெல்லாம் செடி கொண்டு போய் நட்டுட்டு வருவா. ஆடி மாசம் காய்ச்சல்னு படுத்தா. அஞ்சே நாள்...”

இவர் எஞ்சினை அணைத்தார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கீறல், நாற்றம், காலிங்பெல், கட்டை... அந்தப் பெண்ணைத்தான் நான் ஒவ்வொன்றாகக் குறை சொல்லியிருக்கிறேன். அதுவும் பெற்றவர் எதிரில் நின்று, ஐந்நூறு ஐந்நூறாக! வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

“மன்னிச்சுக்குங்க சார். எதையும் குறைக்க வேண்டாம். நீங்க முதல்ல சொன்ன விலையையே குடுத்துடறோம்” என்றேன். இவரும் வேகமாகத் தலையாட்டினார்.

அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

“ஏம்மா நிறுத்திட்டீங்க?”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“வர்றவங்க எல்லாரும் பெங்காலியில ‘கூப் பாலோ மேயே’ன்னு சொல்றாங்க. ரொம்ப நல்ல பொண்ணாம். ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துட்டு எழுந்து போயிடறாங்க. நல்ல பொண்ணுதான், இல்லேன்னு சொல்லல. ஆனா கேட்டை இடிச்சுட்டு, ‘பாபா, கேட்டுதான் குறுக்க வந்துது’ன்னு என்கிட்டயே சண்டை போடுவாம்மா. அதை நான் யார்கிட்ட சொல்ல? அவ பேரை எடுத்தாலே என் சம்சாரம் எழுந்து உள்ள போயிடறா. நாலு மாசம் கழிச்சு இன்னிக்கு நீங்கதான் அவளைப் பத்தி இவ்வளவு நேரம் பேசினீங்க.”

யோசித்துப் பாருங்கள். துக்கம் கேட்கப் போகும் நாம் என்ன செய்கிறோம்? போனவர்களைத் தங்கம், மாணிக்கம் என்கிறோம். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் குறையே இல்லாத அந்த ஆளை வீட்டில் இருப்பவர்களுக்கு அடையாளமே தெரிவதில்லை. அவர்களோடு சண்டை போட்ட, சாணி மூட்டையைக் கொட்டிய, காலிங்பெல்லைக் கழற்றிய ஆள்தான் அவர்களுக்கு வேண்டும். என் மாமியார் போனபோது நானும் பதினைந்து நாள் ‘மகராசி’ என்று கேட்டு அலுத்தவள்தான். எனக்கே இது தோன்றவில்லை பாருங்கள்.

அவர் ஜீப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“இன்னும் ஏதாச்சும் குறை இருந்தா பார்த்துச் சொல்லுங்களேன்மா.”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியின் அந்தப் பக்கம் போனேன். கதவைத் திறந்தேன். மூடினேன்.

“இதென்ன சார், இந்தக் கதவு சரியாவே மூட மாட்டேங்குது?”

“அதுவா...” என்று சிரித்தபடி கிட்டே வந்தார். “அது பெரிய கதைம்மா. ஒரு நாள் நியூ டவுன் போயிட்டு வர்றப்ப...”

அந்தக் கதவு நன்றாகத்தான் மூடியது.