என் பிடி அரிசி

ஐந்தாம் வகுப்பில், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, எங்கள் டீச்சர் பெரிய பிஸ்கட் தகர டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மேஜைக்குப் பக்கத்தில் வைத்தார். தினமும் ஆளுக்கு ஒரு பிடி அரிசி போட வேண்டும். லீவு விடுகிற அன்று அதை ஓர் ஏழை வீட்டுக்குக் கொடுப்போம் என்றார். பிள்ளைகளுக்கு இரக்கம் வர வேண்டுமாம். நல்ல எண்ணம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தகரத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

சங்கரன்கோவிலில் எழுபதுகளில் எங்கள் தெரு முழுக்கத் தறிச் சத்தம். அப்பா படுத்த படுக்கை. அம்மா தறிக்காரர் ஒருவருக்கு ராட்டையில் நூல் சுற்றிக் கொடுத்து எங்களைக் காப்பாற்றினாள். வீட்டில் இருந்தது ரேஷன் அரிசி. மாசக் கடைசியில் அதையும் பானையின் அடியில் தடவித்தான் எடுக்க வேண்டும். ஆனாலும் நான் பயந்து பயந்து அள்ளினால் அம்மா திட்டுவாள்.

“ஏட்டி, எறும்புக்கா போடுத? குடுக்கதுன்னா கை நிறைய அள்ளு.”

அள்ளிப் பாவாடை நுனியில் முடிந்துகொண்டு போவேன். தகரத்தின் முன்னால் வரிசையில் நிற்கையில் அவ்வளவு பெருமை. அரிசிக்கடைக்காரர் மகளும் ஒரு பிடி, நானும் ஒரு பிடி.

லீவு விடும் நாள் மத்தியானம் டீச்சர் கேட்டார். “நம்ம கிளாஸ்ல ரொம்பக் கஷ்டப்படுத பிள்ள யாரு? எல்லாரும் கை காட்டுங்க பாப்போம்.”

நான் முந்திக்கொண்டு, அப்பா இல்லாத ஒரு பிள்ளையைக் காட்டினேன். அவள் விரலோ என்னைக் காட்டியது. சுற்றிப் பார்த்தேன். எல்லா விரலும் என் பக்கம்தான். எனக்குப் பின்னால் வேறு யாராவது இருப்பார்கள் என்று திரும்பினேன். சுவர்தான் இருந்தது.

எல்லாரும் கை தட்ட, தகரத்தைத் தலையில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும் அம்மா தகரத்தைப் பார்க்கவே இல்லை.

“எல்லாரும் கை காட்டுனாங்களா? நீ?”

“நான் வேற பிள்ளயக் காட்டுனேன்.”

“அடுத்த பிள்ளயக் கை காட்டுவியா?” என்று கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அதற்கு முன் அம்மா என்னை அடித்ததே கிடையாது. தீபாவளியன்று அந்த அரிசியைத்தான் பொங்கினாள். பல வீட்டு அரிசி, ஒன்றுபோல வேகவில்லை. பாதி குழைந்தும் பாதி விறைத்தும் கிடந்தது. அதையே சாப்பிட்டோம்.

அரைப் பரீட்சை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், பொங்கலுக்கென்று மறுபடியும் ஒரு தகரம் வந்தது. நானும் முடிச்சோடு வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது டீச்சர் தகரத்தின் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

“நீ போட வேண்டாம் மக்கா. வீட்டுக்கே கொண்டு போ.”

அன்பாகத்தான் சொன்னார், தலையைக்கூடத் தடவினார். பின்னால் நின்ற பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போய்ப் போட்டார்கள்.

சாயங்காலம் வீட்டில் முடிச்சை அவிழ்த்து அரிசியைப் பானையில் கொட்டினேன். ராட்டை நின்றது.

“ஏன், போடலியா?”

“டீச்சர் வேண்டாம்னுட்டாங்க.”

அம்மா மறுபடியும் ராட்டையைச் சுற்றத் தொடங்கினாள். மறுநாள் காலையில் அரிசி அள்ளச் சொல்லவில்லை. இப்போதும் யாருக்காவது எதையாவது நீட்டினால், வாங்கிக்கொள்வார்களா என்று முதலில் அவர்கள் கையைத்தான் பார்க்கிறேன்.